நாலு விரல் கீழே

நாலு விரல் கீழே, ஒரு விரல் இடது. குண்டு துளைத்த அட்டையைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு மரியசூசை கையாலேயே அளந்து பார்த்தார். ஸ்கேல் மேசைமேல்தான் கிடந்தது, ஆனாலும் இருபத்தைந்து வருஷப் பழக்கம், முதலில் கை, பிறகுதான் ஸ்கேல். ஐந்து குண்டும் ஒன்றையொன்று ஒட்டி விழுந்திருந்தன. அப்படியென்றால் சுட்ட கையில் கோளாறு இல்லை, ரிவால்வரில்தான் இருக்கிறது. பதினைந்து மீட்டரில் நாலு விரல் என்றால் முப்பது மீட்டரில் எட்டு விரல். நெஞ்சுக்குழியைப் பார்த்துச் சுட்டால் கொப்பூழில் போய் விழும். விழுந்ததே. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் விழுந்ததே, பார்த்துக்கொண்டு நின்றேனே என்று நினைப்பு அந்தப் பக்கம் ஓடப் பார்த்தது, அவர் அதைப் பிடித்து நிறுத்தி, அட்டையை ஆணியில் மாட்டினார். ஆயுதப்படை மைதானத்தின் கோடியில் தகரக் கூரை போட்ட அறை அது. மாவட்டத்துப் போலீஸ் துப்பாக்கி எது மக்கர் பண்ணினாலும் இங்கேதான் வரும், எஸ்.எஸ்.ஐ. மரியசூசையின் கைக்குத்தான் வரும். இந்த ரிவால்வர் நேற்றுச் சாயங்காலம் வந்தது. கொண்டுவந்தவர் இன்ஸ்பெக்டர் வேலாயுதபாண்டி. மற்றவர்கள் மாதிரி கான்ஸ்டபிளிடம் கொடுத்து அனுப்பாமல் தானே வந்து, துணியை விரித்து, பச்சைப்பிள்ளையைக் கிடத்துவதுபோல வைத்தார். கொலைக்கேஸ் கோட்டைச்சாமி நம்ம கஸ்டடியில இருக்கான், நாளை மறுநாள் கோர்ட்டில் ஒப்படைக்க வேண்டும், அதற்கு முன்னால் அருவாளை எடுத்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறான், உப்பளத்துப் பக்கம் கூட்டிப்போகிறோம் என்றார். அருவாள் ஏற்கனவே ஸ்டேஷன் அலமாரியில் இருக்கிறது என்பது இரண்டு பேருக்கும் தெரியும், எதற்குக் கூட்டிப்போகிறார்கள் என்பதும் தெரியும். கிளம்பும்போது குரலைத் தாழ்த்தி, “அன்னைக்கு மாதிரி ஆயிரக்கூடாது அண்ணாச்சி. யாரும் கெடந்து கஷ்டப்படக்கூடாது” என்றார். இரக்கமாகத்தான் சொன்னார். அதுதான் ராத்திரி முழுக்க மரியசூசையின் காதில் கிடந்து உறுத்தியது.

மேசையில் பூட்டிய வைஸ் இடுக்கியின் இரண்டு தாடைக்கும் தோல் கொடுத்து, குழலை நடுவில் வைத்து முறுக்கினார். இறுகவும் கூடாது, அசையவும் கூடாது. வேறு துப்பாக்கி என்றால் திருப்புளியால் ஒரு திருகு, வேலை முடிந்துவிடும். இது அப்படி இல்லை. குழல் நுனியில் நீட்டிக்கொண்டிருக்கும் முன்குறி குழலோடு சேர்த்து வார்த்தது, பின்குறி என்பது மேல்தண்டில் வெட்டிய ஒரு பள்ளம், அவ்வளவுதான். இரண்டும் நகராது. நகராததைத் திருத்த ஒரே வழி தேய்ப்பதுதான். குண்டு கீழே விழுகிறதா, முன்குறியின் தலையைத் தேய்க்க வேண்டும். முன்குறி குட்டையானால் அதைப் பள்ளத்துக்குச் சமமாகக் கொண்டுவர மூக்கைத் தூக்கித்தான் ஆக வேண்டும், மூக்கு தூக்கினால் குண்டு மேலே ஏறும். புதிதாக வருகிறவர்களுக்கு இது மண்டையில் ஏற ஒரு வாரம் ஆகும். நாலு விரல் ஏற முக்கால் மில்லிமீட்டர். நகம் வெட்டி எறிகிற துண்டுகூட அதைவிடக் கனம். கூடுதலாகத் தேய்த்தால் தொலைந்தது, இரும்பைக் குறைக்கலாம், கூட்ட முடியாது. குண்டு தலைக்கு மேலே பறக்கும். பறக்கட்டுமே என்று ஒரு குரல். யார் தலைக்கு மேலே, அவன் தலைக்கு மேலேயா என்று இன்னொரு குரல். அரத்தை எடுத்தார். முதல் இழுப்புக்கு இரும்பு வழுக்கியது, இரண்டாவதில் கடித்தது. கறுப்புப் பூச்சு போய் வெள்ளை தெரிந்தது. தங்கச்சி பிலோமினா காலையில் ஏழு மணிக்கே போன் செய்துவிட்டாள். மகன் போனதிலிருந்து ஐந்து மாசமாக ஒருநாள் விடாமல் செய்கிறாள், ஒரே கேள்விதான், என்னண்ணே ஆச்சு. இன்றைக்கு அதையும் கேட்கவில்லை. “அவன முடிக்கப் போறாங்கன்னு ஊருக்குள்ள பேசிக்கிடுதாங்க. நெசமாண்ணே” என்றாள். போலீஸ் ரகசியம் போலீஸுக்குத் தெரியும் முன்னால் கடற்கரைக்குத் தெரிந்துவிடுகிறது. இவர் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டார். சொல்லாததையே ஆமாம் என்று எடுத்துக்கொண்டிருப்பாள். எடுத்துக்கொள்ளட்டும். ஐந்து இழுப்பு, ஆறு, ஏழு. ஊதினார். வெர்னியர் அளவுகோலை வைத்துப் பார்த்தார். கால் மில்லிமீட்டர்.

அறைக்குப் பின்னால் மண்மேடு, அதன் முன்னால் கட்டையில் ஒட்டிய புது அட்டை, அட்டையில் கறுப்பு வட்டம். மணல்மூட்டை மேல் மணிக்கட்டை வைத்து, காதில் பஞ்சை அடைத்து, பள்ளத்தின் நடுவில் முன்குறியை நிறுத்தினார். சுடும்போது கறுப்பு வட்டத்தைப் பார்க்கக் கூடாது, முன்குறியைத்தான் பார்க்க வேண்டும், வட்டம் மங்கலாகத் தெரிந்தால் போதும் என்று எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார். இன்றைக்கு மங்கலாகத் தெரிந்ததற்கு மீசை இருந்தது. மேலுதட்டில் தழும்பு இருந்தது. கோட்டைச்சாமியை அவர் நேரில் பார்த்தது ஒரே தடவை, போன வாரம் கைது செய்து கொண்டுவந்த அன்று, வேனிலிருந்து இறங்கும்போது. விலங்கு போட்ட கைகளைத் தூக்கி மூக்கைச் சொறிந்துகொண்டான். சாதாரணமாக, ஈ உட்கார்ந்த இடத்தைச் சொறிகிறவன் மாதிரி. அந்த மூக்கு. அந்த மூக்குக்கு மேலே புருவத்துக்கு நடுவில். விசை தானாகவே விழுந்ததுபோல விழுந்தது, சத்தம் உள்ளங்கையில் ஏறித் தோளில் முட்டியது, அடுத்தது, அடுத்தது. ஐந்தாவதைச் சுடும்போது தாடை வலித்தது, பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறோம் என்று அப்போதுதான் தெரிந்தது. ஐம்பத்தி நாலு வயசில் இதுவரை ஒரு மனுஷன்மேல் குண்டு பட அவர் சுட்டதில்லை. மற்றவர்கள் சுடத் தயார்செய்து கொடுத்திருக்கிறார். அது வேறு இது வேறு என்று வைத்துக்கொண்டு, இருபத்தைந்து வருஷம் கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது சாமியாரிடம்கூட அதைச் சொன்னதில்லை. அட்டையைப் போய்ப் பார்த்தார். இரண்டரை விரல் கீழே.

இரண்டரை விரல் என்றால் அன்றைக்கு எங்கே விழுந்திருக்கும். நினைக்கக் கூடாது என்று ஒதுக்கி வைத்ததை ஓரளவுக்குத்தான் ஒதுக்க முடியும். அன்றைக்கு இவரைக் கூட்டிக்கொண்டு போனதே தற்செயல், ஜீப்பில் இருந்த ஒரு ரைஃபிளில் குண்டு சிக்கிக்கொண்டது, வாங்க அண்ணாச்சி போற வழியில பாத்துருங்க என்றார்கள். கருவேலங்காட்டில் விடிகிற நேரம். வேறொரு கேஸில் பிடித்த ஆளை இறக்கி, விலங்கைக் கழற்றி, ஓடு என்றார்கள். ஓட மாட்டேன் என்று நின்றான். ஒருத்தர் லத்தியால் கெண்டைக்காலில் போட்டதும் ஓடினான், ஓட்டமும் இல்லை, முள்ளுக்குப் பயந்து கால் வைத்து வைத்துப் போனான், செருப்பு இல்லாதவன். வேலாயுதபாண்டி சரியாகத்தான் குறி பார்த்தார். திரும்பிப் பார்த்த நெஞ்சைத்தான் பார்த்தார். குண்டு வயிற்றில் விழுந்தது. அவன் உட்கார்ந்தான், முதலில் வெறுமனே உட்கார்ந்தான், பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவன் மாதிரி. பிறகு சாய்ந்தான். இரண்டாவது குண்டு போடக் கூடாது, கிட்டத்தில் போட்டால் டாக்டர் எழுதிவிடுவார், காத்திருங்கள் என்றார்கள். நாற்பது நிமிஷம். எல்லாரும் ஜீப்புக்குப் பின்னால் போய்விட்டார்கள், இவர் மட்டும் ரைஃபிளோடு அங்கேயே நின்றார். அவன் தண்ணீர் கேட்கவில்லை, அம்மாவைக் கூப்பிடவில்லை, மணி என்ன என்று கேட்டான். ஐந்து பத்து என்றார். குடல் நாற்றம் அடிக்க ஆரம்பித்திருந்தது. அவன் கை வயிற்றுக்குள் எதையோ திருப்பி வைக்கிற மாதிரி அமுக்கி அமுக்கிப் பார்த்தது. மறுபடி மணி என்ன என்றான். ஐந்து இருபத்தைந்து. மூன்றாவது தடவை கேட்டபோது இவர் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை, ஆறு ஆகிட்டு என்று சொன்னார், ஏன் அப்படிச் சொன்னார் என்று இன்றுவரை தெரியாது. ஆறு என்று கேட்டதும் அவன் தலையை ஆட்டினான், சரி என்பதுபோல. இப்போது அரத்தை ஒழுங்காக இழுத்தால் கோட்டைச்சாமிக்கு நாற்பது நிமிஷம் கிடையாது. ஒரு நொடி. அவனுக்கு எதற்கு ஒரு நொடி, அவனுக்கு நாற்பது நிமிஷம் கிடைக்கட்டுமே, நூறு நிமிஷம் கிடைக்கட்டுமே, மணி கேட்டுக் கேட்டுச் சாகட்டுமே. அந்த நினைப்பு வந்ததும் மரியசூசைக்கு வாயில் எச்சில் ஊறியது. நிஜமாகவே ஊறியது. துப்பினார்.

மறுபடி வைஸ், மறுபடி அரம். இந்தத் தடவை தலையில் பதினாலு இழுப்பு, பிறகு வலப்பக்கக் கன்னத்தில் மூன்று. வலது கன்னத்தைச் சீவினால் முன்குறியின் நடு இடப்பக்கம் தள்ளும், குண்டு வலது பக்கம் வரும். எல்லாமே தலைகீழ்தான் இந்த வேலையில், எங்கே போகக் கூடாதோ அந்தப் பக்கம் தள்ளினால்தான் வேண்டிய இடத்துக்கு வரும். ஜெரின் சின்னப் பையனாக இருக்கும்போது இதை ஒரே தடவையில் பிடித்துக்கொண்டான். ஐஸ் கம்பெனியில் மெக்கானிக் ஆனதும் மாமா கையிதான் எனக்கு என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். தங்கச்சி மகன், இருபத்தியாறு வயசு. ஒரு சாயங்காலம் கம்பெனி வாசலில் நின்றுகொண்டிருந்தபோது எதிரே டீக்கடையில் கோட்டைச்சாமி ஒருத்தனை வெட்டுவதைப் பார்த்துவிட்டான். பார்த்தவர்கள் நாற்பது பேர். பார்த்தேன் என்று சொன்னவன் இவன் ஒருத்தன்தான். சொல்லட்டுமா மாமா என்று கேட்க இங்கேதான் வந்தான், இந்த மேசையில்தான் சாய்ந்து நின்றான். சொல்லுல, சாட்சி சொல்லு, நான் இருக்கேம்லா என்றார். நான் இருக்கேம்லா. அரம் அங்கே வந்து நின்றது. எத்தனை சுற்றுச் சுற்றினாலும் கடைசியில் வந்து மாட்டுகிற முள் அதுதான். எங்கே இருந்தார். ஜெரினை வெட்டின அன்றைக்கு இவர் பாளையங்கோட்டையில் பயிற்சி வகுப்பில் இருந்தார், மீன்குழம்புச் சாப்பாடு. பிரேதக் கிடங்கில் துணியை விலக்கியபோது அழுகை வரவில்லை, கைதான் முன்னால் போனது. பதினேழு வெட்டு. விரலை வைத்து அளந்தார். எது ஆழம், எது மேலோட்டம், எந்த அருவாளின் வாயில் பல் விழுந்திருக்கிறது என்று கை தானாகவே படித்துக்கொண்டு போனது. முழங்கைகளில் ஆறு, தடுத்திருக்கிறான். பிடரியில் விழுந்தது மட்டும் இடமிருந்து கீழிறங்கி, எலும்பு தாண்டி, ஒரே வெட்டு, இடதுகைக்காரன் வெட்டு. கோட்டைச்சாமி இடதுகைக்காரன். பக்கத்தில் நின்ற பிலோமினா இவர் கையைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, என்னண்ணே அளக்க என்று கேட்டாள். அரம் மறுபடி நகர்ந்தது. இந்தத் தடவை வேகமாக. இரும்புத்தூள் விரலிடுக்கில் ஒட்டியது. நாற்காலியில் கட்டிப்போட்டு முட்டியில் ஒன்று, மற்ற முட்டியில் ஒன்று, அந்த இடது கையை இந்த வைஸில் வைத்து முறுக்கி, எலும்பு நொறுங்குகிற சத்தம் கேட்கிற வரைக்கும் முறுக்கி, பிறகு மூக்கைச் சொறிந்துகொள் என்று சொல்ல வேண்டும். இதெல்லாம் புதிதில்லை. ஐந்து மாசமாக ஜெபமாலை சொல்கிறபோதுகூட நடுவில் வந்து போகிறதுதான். ஆனால் இன்றைக்குக் கையில் அரம் இருந்தது.

சூடத்தை ஏற்றி, அந்தப் புகையில் முன்குறியைக் காட்டினார். தேய்த்த இரும்பு பளபளத்தால் வெயிலில் கண்ணை ஏமாற்றும், கரி படிந்தால் ஏமாற்றாது. பிறகு வெளியே போய்ச் சுட்டார். ஐந்தும் கறுப்புக்குள்ளே. ஐந்தையும் ஒரு எட்டணா நாணயத்தால் மூடிவிடலாம்போல இருந்தது. அட்டைக்கு முன்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். மேல் இல்லை, கீழ் இல்லை, இடமில்லை, வலமில்லை. பார்க்கும் இடத்தில் விழுகிறது. நெஞ்சில் ஒரு சந்தோஷம் பொங்கி வந்தது, ஜெரின் செத்த பிறகு முதல்தடவையாக, கள் குடித்தவன்போல உடம்பெல்லாம் பரவியது. அதை அவர் அடக்கவில்லை. வேலை நன்றாக அமைந்த சந்தோஷம்தான் என்று சொல்லிக்கொண்டார். பொய் என்று உடனே தெரிந்தது.

பதினொன்றரைக்கு வேலாயுதபாண்டி வந்தார். அவருடைய இடது மணிக்கட்டில் ஒரு பழைய வெட்டுத் தழும்பு உண்டு, எஸ்.ஐ.யாக இருந்தபோது ஒரு ரவுடி போட்டது, அந்தக் கையை எப்போதும் பாக்கெட்டில் வைத்திருப்பார். அட்டையைப் பார்த்தார். தானே மூன்று குண்டு சுட்டார். மூன்றும் இவர் சுட்டவற்றின் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தன. ரிவால்வரைப் பிரித்து வெற்றுத் தோட்டாக்களைத் தட்டிவிட்டார். கோட்டைச்சாமி நேற்று லாக்கப்பில் நன்றாகச் சாப்பிட்டான் என்றார். வக்கீல் பெரிய இடம், மூணு மாசத்தில் ஜாமீனில் வருவான், அடுத்த சாட்சியையும் வெட்டுவான், உங்க மருமகனுக்குப் பிறகு யாரும் வாய் திறக்கப் போவதில்லை என்றார். எல்லாம் உண்மைதான். அப்புறம் இன்ஸ்பெக்டர் ரிவால்வரைத் திருப்பி, பிடி இவர் பக்கம் வருமாறு நீட்டினார். “நாளைக்குக் காலையில நீங்களும் வாங்க அண்ணாச்சி. நீங்களே சுடுங்க. காயிதத்துல எம் பேரு இருக்கும். உங்க ரத்தம், உங்க கையால முடியட்டும்.” மரியசூசை யோசிக்கவில்லை. யோசிப்பதற்கு முன்னாலேயே அவருடைய வலது கை நீண்டுவிட்டது. யாரோ ஒருத்தருடைய கை நீள்வதை அவர் பார்த்துக்கொண்டு நின்றார். விரல்கள் பிடியைச் சுற்றி மூடின, ஆட்காட்டி விரல் அதன் இடத்தைத் தேடிக்கொண்டது. பிரேதக் கிடங்கில் துணிக்கு மேலே நீண்ட அதே அவசரம். இந்தக் கைக்கு யாரும் வேண்டாம், ஜெரினும் வேண்டாம், பிலோமினாவும் வேண்டாம், அளக்க ஒரு காயம் கிடைத்தால் போதும் என்று தோன்றியது. அது வேறு இது வேறு என்று இருபத்தைந்து வருஷம் நடுவில் வைத்திருந்த தடுப்புத் தட்டி விழுந்துவிட்டது. ஓடு என்று சொல்லுவார்கள், முள்ளில் கால் வைத்து வைத்துப் போவான், திரும்புவான். நான் சுட்டுவிடுவேன். சந்தேகமே இல்லை, சுட்டுவிடுவேன், சந்தோஷமாகச் சுடுவேன். சாட்சி சொல்லுல என்று ஒரு பிள்ளையைக் கோர்ட்டுக்கு அனுப்பிவிட்டு நான் காட்டுக்குப் போவேன்.

உள்ளே போனார். வைஸில் குழலை வைத்து முறுக்கினார், பெரிய அரத்தை எடுத்தார், முரட்டு அரம், மண்வெட்டிக்குப் போடுவது. இன்ஸ்பெக்டர் பின்னாலேயே வந்து கதவில் சாய்ந்து நின்றார். இன்னும் கொஞ்சம் உயரம் இருக்கிறதாக்கும் என்று நினைத்திருப்பார். நாலைந்து இழுப்புக்குப் பிறகுதான் நிமிர்ந்தார். முன்குறி பாதியாகிவிட்டிருந்தது. மரியசூசை இரண்டு கையாலும் தள்ளினார், வியர்வை இரும்பில் சொட்டியது, குழலும் முன்குறியும் ஒன்றாகிற வரைக்கும், விரலால் தடவினால் வழுவழுவென்று ஆகிற வரைக்கும் தள்ளினார். இன்ஸ்பெக்டர் தடுக்க வரவில்லை. கோபப்படவும் இல்லை. களைத்துப்போன குரலில், “டாக்டர் எழுதுனா எழுதட்டும், நெத்தியில வச்சுச் சுடுறதுக்குக் குறி எதுக்கு அண்ணாச்சி” என்றார். தெரியும் என்றார் மரியசூசை. இது இனிமேல் பழுதான ஆயுதம், இந்தக் கதவைத் தாண்டாது, கெடுத்தது நான்தான் என்றார். வேறொன்று எடுத்துக்கொண்டு போவேன் என்றார் இன்ஸ்பெக்டர். பழுதுப் பதிவேட்டைத் திறந்து மரியசூசை நின்றபடியே எழுத ஆரம்பித்தார். யார் கொண்டுவந்தது, எப்போது, எதற்கென்று சொன்னது, நாளைக் காலை யாரை எங்கே கூட்டிப்போவதாக இருந்தது, இன்றைக்கு யார் கையில் யார் கொடுத்தது. எழுத்து பெரிது பெரிதாக விழுந்தது. போன வருஷத்துக்கு முந்தின வருஷத்தையும் எழுதினார், கருவேலங்காடு, நாற்பது நிமிஷம், நானும் நின்றேன் என்று. ஒன்றரைப் பக்கம் வந்தது. கீழே கையெழுத்துப் போட்டு, செல்போனில் படம் எடுத்து, எஸ்.பி. அலுவலகத்துக்கும் மாஜிஸ்டிரேட் கோர்ட்டுக் கிளார்க்குக்கும் அனுப்பினார். இப்போது நாளைக்குக் கோட்டைச்சாமி செத்தால் சாட்சி சொல்ல ஒருத்தன் இருக்கிறான். வேலாயுதபாண்டி பாக்கெட்டிலிருந்து இடது கையை எடுத்து அந்தத் தழும்பைக் கொஞ்சநேரம் பார்த்தார். “உங்க வீட்டுப் பிள்ளைக்குத்தான செய்ய வந்தேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். அதுவும் உண்மைதான்.

இரண்டு மணிக்கு சஸ்பெண்ட் உத்தரவு வந்தது. அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மூன்றேகால் பஸ்ஸைப் பிடித்தார். பஸ் உப்பளங்களைத் தாண்டிப் போகும்போது, கோட்டைச்சாமி நாளைக்கும் மூக்கைச் சொறிவான் என்று தோன்றியது. வெளியே வருவான். வந்தால் முதலில் யாரைத் தேடுவான் என்றும் தோன்றியது. தேடட்டும். அதைவிட, பிலோமினாவின் ஊர் பக்கத்தில் வந்துகொண்டிருப்பதுதான் பயமாக இருந்தது. பிலோமினா கொல்லைப்புறத்தில் அரிவாள்மணையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். முகத்தைப் பார்த்ததுமே, முடிஞ்சுட்டாண்ணே என்றாள். இல்லை என்றார். முடிக்கச் சொல்லி எங்கையிலேயே குடுத்தாங்க, நான்தான் மாட்டேனுட்டேன், நாளைக்கு அவனக் கோர்ட்டுக்குக் கொண்டு வாறாங்க என்றார். அவள் எழுந்தாள். குடத்துத் தண்ணீரில் இரண்டு கையையும் முழங்கைவரை நிதானமாகக் கழுவினாள். பிறகு வந்து அறைந்தாள். கன்னத்தில் ஒன்று, மற்ற கன்னத்தில் ஒன்று, அப்புறம் கை மூடி முஷ்டியாகி நெஞ்சில், கழுத்தில், காதில், எங்கே படுகிறது என்று பார்க்காமல் அடித்தாள். உதடு கிழிந்து உப்புக் கரித்தது. பக்கத்து வீட்டுப் பெண் ஓடிவந்து பிடிக்கப் போனாள், மரியசூசை வேண்டாம் என்று கையைக் காட்டினார். தடுக்கவும் இல்லை, கண்ணை மூடவும் இல்லை. அவளுக்குக் கை ஓய்ந்துபோகச் சாயங்காலம் ஆனதுபோல இருந்தது, ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. அவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தாள், அவரும் கூடவே உட்கார வேண்டியதாயிற்று. எங்கேயோ பார்த்துக்கொண்டு கேட்டாள்.

“நாளைக்கி எந்தக் கோர்ட்டுக்குக் கொண்டு வாறாங்க?”

சொன்னார்.

“அவன் இறங்குற எடத்துல, அவன் கண்ணுக்கு முன்னால நான் நிக்கணும். என்னியக் கூட்டிட்டுப் போ.”